அடுத்த வீட்டு புரோக்கரிடம் மறைத்தது

எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டு புரோக்கர் இருந்தார். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அப்படி இருந்தும், எங்கள் வீட்டை விற்றுத் தரச் சொல்லி நான் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் வேறொருவரைத் தேடிப் போனேன். அப்போது சொன்ன ஒரு பொய்யைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதினால் மனசு லேசாகும் என்று என் மகள் சொன்னாள். ஆகிறதா என்று இன்னும் தெரியவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அன்றிலிருந்து தறிக்குத் தார் சுற்றினேன், ஊடு நூலைக் குச்சியில் சுற்றிக் கொடுக்கும் வேலை. கல்யாணத்துக்குப் பிறகும் அதே வேலைதான். என் வீட்டுக்காரர் விசைத்தறியில் நெய்தார். எனக்குச் சின்ன வயசிலிருந்தே எல்லாவற்றுக்கும் பயம். கேஸை மூடினோமா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வருவேன். தெரியாத நம்பரில் போன் வந்தால் யாருக்கு என்ன ஆச்சோ என்று எடுக்காமல் பார்த்துக்கொண்டே நிற்பேன். பத்திரத்தில் இருக்கும் எழுத்தை வாசித்துவிடுவேன், அர்த்தம் பிடிபடாது. அந்த பயத்தோடுதான் வீடு விற்கக் கிளம்பினேன்.

விற்கக் காரணம் கேவலமானதே இல்லை. மகளுக்கு மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கும் வேலை. ஹாஸ்டலில் இருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் வருவாள், திங்கட்கிழமை விடிகாலையில் கிளம்பிவிடுவாள். வீட்டுக்காரருக்குத் தறிச் சத்தத்தில் காது மந்தமாகி, பக்கத்தில் நின்று கத்தினால்தான் கேட்கும் என்று ஆகிவிட்டது. வேலையை விட்டுவிட்டார். இங்கே ரெண்டு பேரும் அங்கே ஒருத்தியுமாக எதற்கு, வீட்டைக் கொடுத்துவிட்டு மதுரைக்கே போய்விடுவோம் என்று மூன்று பேரும் உட்கார்ந்துதான் பேசி முடிவெடுத்தோம்.

ஆனால் எங்கள் தெருவில் ஒரு வீடு விலைக்கு வருகிறது என்றாலே, “என்ன பணமுடையோ, பாவம்” என்றுதான் முதல் பேச்சு ஆரம்பிக்கும். அந்தப் ‘பாவம்’ என் வீட்டு வாசலில் வந்து நிற்கக்கூடாது என்று நினைத்தேன். விற்று முடித்த பிறகு எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்துச் சொல்லிக்கொண்டு போக வேண்டும். அதுவரை ஒரு ஈ, காக்காய்க்குத் தெரியக்கூடாது.

“அண்ணாச்சிகிட்ட சொல்லிருவோம்ட்டி. ஒரே சுவரு. அவருகிட்ட மொதல்ல சொல்லுததுதான மொறை” என்றார் வீட்டுக்காரர்.

முறை எனக்கும் தெரியும். சுவரைப் பகிர்ந்த பக்கத்து வீட்டாரிடம் முதலில் சொல்லிவிட்டுத்தான் வெளியே விலை பேசுவார்கள். அதுவும் அவர் புரோக்கராகவே இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆனால் அண்ணாச்சியின் தொழில் வேறு மாதிரி. நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் மில் வேலையை விட்டுவிட்டு பத்து, பன்னிரண்டு வருஷமாக வீடு, மனை பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பஸ் ஸ்டாண்ட் எதிரில் இருக்கும் டீக்கடை பெஞ்சுதான் ஆபீஸ். கையில் பையும் கிடையாது, பேப்பரும் கிடையாது. எந்த வீட்டைக் காட்டினாலும் அதன் குறையைத்தான் முதலில் சொல்லுவார். ஒருமுறை பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டைக் காட்டக் கூட்டிப்போனவர், பூட்டைத் திறப்பதற்கு முன்பே, “மழைக்காலத்துல பின்கட்டுல தண்ணி நிக்கும். சம்மதம்னா உள்ள வாங்க” என்றாராம். வந்தவர்கள் வாசலோடு திரும்பிவிட்டார்கள். அந்த வீட்டை விற்க நினைத்தவர் சண்டைக்கு வந்தபோது, “ஏன் வே, நாளைக்கு வாங்குனவன் வந்து என் சட்டையப் பிடிப்பான். அப்போ நீரு வந்து நடுவுல நிப்பீரா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாராம்.

எங்கள் வீட்டு அடுப்படிச் சுவர் ஐப்பசி மழைக்கு ஊறும். தொட்டால் கை ஈரமாகும். இது அண்ணாச்சிக்கு நன்றாகவே தெரியும், ஏனென்றால் அதே சுவர்தான் அவர் வீட்டிலும் ஊறும். அவர் வாயில் விழுந்தால் டீக்கடை முழுக்க அதுதான் பேச்சாகும், வீடும் போகாது, மானமும் போகும் என்று நான் அழுதேன். வீட்டுக்காரர், “என்னமும் செய்யி” என்று விட்டுவிட்டார்.

ஸ்டேஷன் பக்கத்து புரோக்கர் செல்போன் கடைக்கு மாடியில் இருந்தார். என் மகளைவிட நாலைந்து வயது மூத்த பையன். வீட்டுக்கு வந்து செல்போனிலேயே அறை அறையாகப் படம் எடுத்தான்.

“அக்கா, வாசல்ல போர்டு வச்சிரலாமா?”

“வேண்டாம் தம்பி.”

“பேப்பர்ல விளம்பரம்?”

“அய்யோ, வேண்டாம்.”

“பக்கத்துல, தெருவுல யாருகிட்டயாவது சொல்லி வைப்போமா?”

“வேண்டவே வேண்டாம்.”

“பின்ன எப்படிக்கா விக்கிறது? வாங்குதவன் கனவுல போயி நான் சொல்லணுமா?”

எனக்கே சிரிப்பு வந்தது. அடுப்படிச் சுவரைக் காட்டி, தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவன் தட்டிப் பார்த்துவிட்டு, “ஒரு கோட்டு பெயிண்ட் அடிச்சிருங்கக்கா. ஐப்பசிக்கு முன்னால முடிச்சிருவோம்” என்றான். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவனைப் பிடித்துக்கொண்டேன். மறைத்துத் தருகிறவன்தான் நல்ல புரோக்கர் என்று நினைக்கிற அளவுக்கு என் புத்தி போயிருந்தது.

வீடு பார்க்க முதல் பார்ட்டி வைகாசி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமைதான் எல்லாருக்கும் லீவு. கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே வந்திருந்தார்கள் போல. காரிலிருந்து ஒரு பெரியவர், பட்டுச்சேலை கட்டிய அவர் மனைவி, சட்டையை உள்ளே விட்ட ஒரு வாலிபன், ஒரு சின்னப்பெண் எல்லாரும் இறங்கினார்கள். மகள் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வாசலில் நின்றாள்.

அண்ணாச்சியின் மனைவி எனக்கு மதினி முறை. பின்பக்கத்துக் குட்டைச் சுவருக்கு மேலே அவள் தலை எட்டிப் பார்த்தது.

“ஏட்டி, யாரு வந்திருக்கா? காரும் பட்டுச்சேலையுமா இருக்கு. பிள்ளையப் பொண்ணு பாக்கவா?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவ்வளவுதான் செய்தேன். வாயால் சொல்லவில்லை, அவளாகவே நினைத்துக்கொண்டாள் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். வாயால் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு நிச்சயமாக அவள் நம்பியிருக்கமாட்டாள்.

“கள்ளி! எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா நீ!” என்று மதினி உள்ளே ஓடினாள். பத்தே நிமிஷத்தில் சுவருக்கு மேலே ஒரு தூக்குவாளி வந்தது. உள்ளே சுடச்சுடக் கேசரி. மேலே ஒரு இலையில் மல்லிகைப்பூ. நான் அதைத் தட்டில் போட்டு வந்தவர்களுக்குக் கொடுத்தேன். அந்தப் பட்டுச்சேலை அம்மாள், “எத்தனையோ வீடு பாத்துட்டோம். கேசரி குடுத்த வீடு இதுதாம்மா” என்று சிரித்தாள். அவர்களுக்கு மாடிப்படி வெளியே இருப்பது பிடிக்கவில்லை. போய்விட்டார்கள்.

மறுநாள் மதினி கேட்டாள். “என்னட்டி சொன்னாவ?”

“யோசிச்சு சொல்லுதோம்னாவ மதினி.”

அடுத்த வாரம் ஒரு பார்ட்டி. அதற்கு ஒரு வாரம் விட்டு இன்னொன்று. ஆனி முடிவதற்குள் நாலு பார்ட்டி வந்து போயிற்று. ஒருவருக்கு வாசல் திசை சரியில்லை, ஒருவருக்குத் தெரு அகலம் போதவில்லை. ஒவ்வொரு முறையும் மதினி கேட்பாள், நான் ஏதாவது சொல்லி மழுப்புவேன், அவள் முகம் சுருங்கும். “போறானுவ விடு. கண்ணில்லாத பயலுவ” என்பாள். ஒருநாள் அவளே தன் பச்சைப் பட்டைக் கொண்டுவந்து, “அடுத்த தடவ பிள்ளைக்கு இதக் கட்டிவிடு. அந்தச் சுடிதாரு வேண்டாம்” என்றாள். வாங்கி அலமாரியில் வைத்தேன்.

தெருக்குழாயில் நான் குடத்தோடு வரிசையில் நின்றபோது, முன்னால் இருந்த இரண்டு பேர் நான் வந்ததைப் பார்க்காமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“நாலு எடம் தட்டிப்போச்சாம்லா?”

“ஜாதகத்துல என்னமும் இருக்கும்.”

“ஜாதகமா? மதுரையில தனியா இருக்காள்ல. யாரும் விசாரிச்சிருப்பாவ.”

அந்த இடத்திலேயே, “அவங்க என் வீட்டைப் பாக்க வந்தவங்க” என்று சொல்லியிருக்க வேண்டும். ஐந்தாறு வார்த்தைதான். சொல்லவில்லை. இன்னும் ஒரே ஒரு வாரம், அந்தப் பையன் நல்ல பார்ட்டி என்று சொல்லியிருக்கிறான், முடிந்துவிடும், அப்புறம் எல்லாம் தானாகத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். என் வீட்டுக்கு வரக்கூடாது என்று நான் பயந்த அந்தப் ‘பாவம்’ என் பிள்ளையின் தலையில் உட்கார்ந்திருந்தது. அது தெரிந்தும் சும்மா இருந்தேன். இதை வேறு எப்படியும் மாற்றி எழுத எனக்கு வராது.

மகளே ஒருநாள் கேட்டாள். “என்னம்மா, தெருவுல எல்லாரும் என்னைய ஒரு மாதிரி பாக்காங்க? ரேஷன் கடையில அந்தச் சித்தி என் கன்னத்தத் தொட்டு, ‘மனச விட்றாத’ங்காங்க. எனக்கு என்ன ஆச்சு?”

“ஹாஸ்டல் சாப்பாட்டுல மெலிஞ்சிட்டல்லா, அதான்” என்றேன்.

ஆடி பிறந்தது. ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறினால் எங்கள் ஊரில் ஆடிச்சுற்று ஆரம்பித்துவிடும். நேர்ந்துகொண்டவர்கள் கோயிலைச் சுற்றி நூற்றியெட்டுச் சுற்று வருவார்கள். நடக்க முடிகிறவர்கள் ஒரே நாளில் முடிப்பார்கள், முடியாதவர்கள் நாலைந்து நாளாகப் பிரித்துக்கொள்வார்கள். மதினிக்கு இரண்டு முட்டியிலும் தேய்மானம். மாடிப்படி ஏறமாட்டாள். அவள் ஒரு காலையில் வந்து, “ஏட்டி, தொணைக்கு வாரியா? கோயிலுக்குப் போறேன்” என்றாள். யாருக்காக என்று நான் கேட்டிருக்கக்கூடாது. கேட்டுவிட்டேன்.

“வேற யாருக்கு? நம்ம பிள்ளைக்குத்தான். அம்மன்கிட்ட சொல்லிட்டேன். இந்த ஆவணியில ஒரு எடம் தகையணும்னு.”

முந்தானையில் நூற்றியெட்டுப் புளியங்கொட்டை முடிந்து வைத்திருந்தாள். சுற்றுக்கு ஒன்றாக எடுத்து ஓரத்தில் போட்டாள். நானும் கூட நடந்தேன். கூட்டத்தில் யாரோ இடிக்க அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பதினைந்தாவது சுற்றில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்தாள். “மதினி, போதும். வேண்டாம்” என்றேன். “நேந்தத எப்படி விடுதது? நீ தாயி, நீ இப்படிச் சொல்லலாமா?” என்று என்னைத் திட்டிவிட்டு எழுந்தாள். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. அம்மன் சந்நிதிக்கு எதிரில், அத்தனை கூட்டத்தில், எப்படிச் சொல்ல? வீட்டுக்குப் போய்ச் சொல்லுவோம் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் அவளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். சொல்லவில்லை. ஐந்து நாள் நடந்து முடித்தாள்.

ஆடியில் யாரும் வீடு பார்க்க வரவில்லை. ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை ஐந்தாவது பார்ட்டி வந்தது. கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரும் அவர் மகனும். மகனுக்கு டவுனில் ஆபீஸ் வேலை. வீடு பிடித்துவிட்டது. அந்த புரோக்கர் பையன் என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தான். அப்போது அந்தப் பெரியவர், “இருங்க, அக்கம்பக்கத்துல ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்” என்று எழுந்தார். பையன் தடுப்பதற்குள் அண்ணாச்சி வீட்டு வாசலுக்குப் போய்விட்டார். வீடு வாங்குகிறவர்கள் எல்லாரும் செய்கிறதுதான். பெண் எடுக்கிறவர்களும் இதைத்தான் செய்வார்கள்.

நானும் மகளும் எங்கள் வாசலில் நின்றோம். நாலடி தூரம். எல்லாம் கேட்டது.

“அண்ணாச்சி, நீங்க பக்கத்து வீடு. ஒங்களுக்குத்தான் எல்லாம் தெரியும். ஒளிக்காம சொல்லணும்” என்றார் பெரியவர்.

அண்ணாச்சி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். “என்னத்த ஒளிக்க? பொறந்ததுலேருந்து பாக்கேன். ஒரு கொறை சொல்ல முடியாது. கொறைய மொதல்ல சொல்லுதவன் நான், ஊருல யாருகிட்ட வேணும்னாலும் கேளுங்க. நானே சொல்லுதேன், கொறை இல்ல. நாலு பேரு வந்து பாத்துட்டு என்னமோ சொல்லிட்டுப் போனானுவ. நீங்களும் போயிராதிய. தங்கமான பிள்ளை.”

பெரியவர் முழித்தார். “எந்தப் பிள்ளை?”

“நீங்க பாக்க வந்த பிள்ளைதான்.”

“நான் வீடு கேக்க வந்தேன் அண்ணாச்சி. என் மகனுக்குக் கல்யாணம் ஆகி ரெண்டு பிள்ளை இருக்கு.”

யாரோ சிரித்தார்கள். அந்த புரோக்கர் பையன்தான் என்று நினைக்கிறேன். அண்ணாச்சி சிரிக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். அவர் பின்னால் நிலையைப் பிடித்துக்கொண்டு மதினி நின்றாள். அவர் உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

பெரியவர், “இங்கன என்னமோ சரியில்ல” என்று மகனைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மகள் என்னை அடுப்படிக்குக் கூட்டிப்போனாள். அவள் கத்தவில்லை. “அம்மா, என்னைய எத்தன பேரு வேண்டாம்னு சொன்னாங்க? கணக்கச் சொல்லு” என்றாள்.

“நாலு” என்றேன்.

சிரித்தாள். பிறகு புது பெயிண்ட் அடித்த சுவரில் சாய்ந்துகொண்டாள். “நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன். நீதான் சொல்லணும். வீடு வீடாப் போயி சொல்லு” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு அன்று மத்தியானமே பஸ் ஏறிவிட்டாள்.

மதினி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, என்னைப் பார்க்காமல் துணி காயப்போட்டபடியே கேட்டாள். “அப்போ அந்தப் பிள்ளைய யாரும் வேண்டாம்னு சொல்லல?”

“இல்ல மதினி.”

“சரி. அது போதும்.” துணியை உதறினாள். “நூத்தியெட்டுச் சுத்து. ஒன் வீடு விக்கதுக்கா நான் சுத்துனேன்?”

பச்சைப் பட்டை மடித்துச் சுவர் மேல் வைத்தேன். எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

மகள் சொன்னபடி போனேன். பதினெட்டு வீடு. ஒவ்வொரு வாசலிலும் நின்று, “நாங்க வீட்டைக் குடுக்கோம். வந்தவங்க எல்லாம் வீடு பாக்க வந்தவங்க. என் பிள்ளையப் பாக்க யாரும் வரல. நான்தான் மறைச்சேன்” என்று ஒப்பித்தேன். எல்லாரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். அடுத்த நாள் குழாயடியில் பேச்சு மாறியிருந்தது. பிள்ளைக்கு இடம் அமையாததால் வீட்டை விற்றுவிட்டு ஊரை விட்டே போகிறார்களாம். வெளியே சொல்ல வெட்கப்பட்டுத் தாய்க்காரி கதை கட்டுகிறாளாம். நான் பொய் சொன்னபோது உடனே நம்பினார்கள். உண்மையைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை.

இதை மாற்ற ஒரே ஒருவரால்தான் முடியும் என்று வீட்டுக்காரர் சொன்னார். எனக்கும் அது தெரிந்துதான் இருந்தது, போகத்தான் கால் வரவில்லை. ஸ்டேஷன் பக்கத்துப் பையனுக்குப் போன் போட்டு இனி வேண்டாம் என்று சொன்னேன். பிறகு அண்ணாச்சி உட்காரும் டீக்கடைக்கே போனேன். வீட்டில் வைத்துக் கேட்டால் அது மறுபடியும் ரகசியம் மாதிரி ஆகிவிடும் என்று பட்டது. பெஞ்சில் ஏழெட்டு ஆண்கள் இருந்தார்கள்.

“அண்ணாச்சி, எங்க வீட்ட வித்துத் தாங்க” என்றேன்.

அவர் டீயை முழுக்கக் குடித்து முடித்தார். “எங்கிட்ட குடுத்தா அடுப்படிச் சுவரு ஊறுதத மொதல்ல சொல்லுவேன்.”

“சொல்லுங்க.”

“பெயிண்ட் அடிச்சி மறைச்சதையும் சொல்லுவேன்.”

“சொல்லுங்க அண்ணாச்சி.”

“பொறவு வந்து அழக்கூடாது.”

பெஞ்சில் இருந்த ஒருவர், “ஏம்மா, பொண்ணு பாக்க வந்தவங்கன்னு...” என்று ஆரம்பித்தார். அண்ணாச்சி அவரைத் திரும்பிப் பார்த்தார். “வே, அது நான் கேட்டு ஏமாந்த கதை. வீடு பாக்க வந்தவனப் பொண்ணு பாக்க வந்தவன்னு நெனச்சி பேசுன புரோக்கரு ஊருலயே நான் ஒருத்தன்தான். சிரிக்கணும்னா என்னையப் பாத்துச் சிரியும்” என்றார். பெஞ்சே சிரித்தது. அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அந்தக் கதை போய்ச் சேர்ந்தது. தன்னையே கேலிக்கு ஆளாக்கி அவர் சொன்ன கதையை எல்லாரும் நம்பினார்கள். நான் பதினெட்டு வாசலில் நின்று முடியாததை அவர் ஒரு டீ நேரத்தில் முடித்தார்.

பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தெருவுக்கே கேட்கிற மாதிரி வாசலில் நின்று என் வீட்டுக் குறைகளை அவர் சொல்ல, நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சுவர் ஊறும். படி வெளியே. தெரு குறுகல். புரட்டாசியில் அதே கரிவலம்வந்தநல்லூர்க்காரர் திரும்பி வந்தார். “ஒங்க பேச்ச நம்பித்தான் வாரேன்” என்று அண்ணாச்சியிடம் சொன்னார். சுவருக்காக விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டோம். அண்ணாச்சி தன் கமிஷனைச் சரியாக வாங்கிக்கொண்டார். காசு வேண்டாம் என்று சொல்லி என்னை ஒதுக்கிவிடுவாரோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவர் எண்ணிச் சட்டைப்பையில் வைத்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

சாமான் ஏற்றிய அன்று மதினி வெளியே வந்தாள். மகளுக்கு மட்டும் நெற்றியில் குங்குமம் வைத்து, “போயிட்டு வா மக்கா” என்றாள். மகள் அவள் முட்டியைத் தொட்டு, “இப்போ எப்படி இருக்கு அத்தை?” என்று கேட்டாள். நான் வண்டிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.

மதுரைக்கு வந்து ஏழெட்டு மாசம் ஆகிறது. மாசத்துக்கு ஒருமுறை போன் செய்கிறேன். மதினி எடுத்தால், என் குரலைக் கேட்டதும் ஒன்றும் சொல்லாமல் போனை அண்ணாச்சியிடம் கொடுத்துவிடுவாள். நான் அவரிடம் புதுக் குடித்தனக்காரர்களைப் பற்றிக் கேட்பேன், மழையைப் பற்றிக் கேட்பேன். போன வாரமும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். பின்னால் மதினியின் குரல் கேட்டது. “பிள்ள நல்லாருக்காளான்னு கேளுங்க.”

நான் பதில் சொல்லப் போனேன். பிறகு மகளைக் கூப்பிட்டு அவளிடம் போனைக் கொடுத்தேன்.